எக்ஸ்சேஞ்ச் மாணவராக ஜப்பானுக்கு: எந்தக் காகிதம் முதலில், எது அடுத்து

ஜப்பானில் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ எக்ஸ்சேஞ்ச் மாணவராகப் படிக்கப் போகிறீர்கள் என்றால், தனித்தனியாகப் பார்க்கையில் எந்த வேலையும் கஷ்டமில்லை. வரிசை தப்பினால்தான் வம்பு. முகவரியைப் பதியாமல் காப்பீடு கிடையாது. போன் நம்பர் இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது. கணக்கு இல்லாமல் உதவித்தொகை வராது. இதையெல்லாம் கோத்து யாரும் ஒரே இடத்தில் சொல்வதில்லை. பல்கலைக்கழகம் தன் பங்கைச் சொல்லும், வார்டு அலுவலகம் தன் பங்கைச் சொல்லும், நடுவில் இருப்பதை நாமே தட்டித் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கியோவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனவன். அக்டோபரில் போகிறவர்களுக்கும் இதே வரிசைதான், மாதங்கள் மட்டும் மாறும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கணக்கில் எக்ஸ்சேஞ்ச் மாணவர் பட்டப்படிப்பு மாணவர் அல்ல, 'சிறப்பு மாணவர்' என்ற தனி வகை. அடையாள அட்டை பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஓய்வூதிய விலக்கு, ரயில் பாஸ் போன்ற இடங்களில் இந்த வகை குறுக்கே வரும். இணையத்தில் 'ஜப்பானில் மாணவர்களுக்கு' என்று கிடைக்கும் அறிவுரைகளில் பாதி பட்டப்படிப்பு மாணவர்களுக்கானவை.

1. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஜப்பானியப் படிவங்களுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் ஒருவரே என்று கல்லூரிப் பதிவாளரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள்.

அதோடு கட்டக்கானா எழுத்தில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து முறையில், உங்கள் பெயர் எப்படி வரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 'செந்தில்குமார்' என்பதைக் கட்டக்கானாவில் மூன்று நான்கு விதமாக எழுதலாம். வங்கியில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் வேறொன்று என்று கொடுத்தால் உதவித்தொகை உங்கள் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகும். ஒரே எழுத்துக்கூட்டலைப் போனில் சேமித்து வைத்து எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள்.

2. சி.ஓ.இ., பிறகு விசா

இரண்டு கல்லூரிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி போகும் எக்ஸ்சேஞ்ச் என்றால் கட்டணத்தை உங்கள் சொந்தக் கல்லூரியில் கட்டுவீர்கள், அங்கே கட்ட வேண்டியதில்லை. முதலில் உங்கள் கல்லூரி உங்களை முன்மொழிய வேண்டும், பிறகுதான் ஜப்பான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். ஏப்ரலில் சேர முந்தைய வருடம் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள்ளும், இலையுதிர் செமஸ்டருக்குப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள்ளும் பெரும்பாலான கடைசித் தேதிகள் விழும்.

தேர்வானதும் பல்கலைக்கழகமே உங்கள் சார்பில் குடியேற்றத் துறையிடம் சி.ஓ.இ. எனப்படும் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகலாம். நீங்கள் அனுப்ப வேண்டியவை:

- பாஸ்போர்ட் நகல்
- 4 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலத்தில் புகைப்படம். நம் ஊர் பாஸ்போர்ட் அளவு செல்லாது.
- செலவுக்கு யார் பொறுப்பு என்பதற்கான கடிதமும் வங்கி இருப்புச் சான்றும்
- உதவித்தொகை இருந்தால் அதற்கான கடிதம்

வங்கி இருப்பில் கவனம் தேவை. நேற்று யாரோ மொத்தமாகப் போட்ட பணம் என்று தோன்றும்படி இருந்தால் கேள்வி வரும். அப்பா கணக்கு என்றால் அவருடைய வருமானச் சான்றையும் சேர்த்தே அனுப்புங்கள், கேட்ட பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

சி.ஓ.இ. 2023 மார்ச் முதல் மின்னஞ்சலிலும் வருகிறது. வழங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நீங்கள் ஜப்பானில் இறங்கியிருக்க வேண்டும். அது கைக்கு வந்ததும் சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் வழியாக விசாவுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணத்தை விண்ணப்பிக்கும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பதிவுகளை நம்பாதீர்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்பார்கள், பெரும்பாலும் வந்தும்விடும். ஆனாலும் விசா முத்திரை குத்தும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும் முன் இன்னொரு சரிபார்ப்பு: விடுதிக்குள் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குள் நுழையலாம்? பல விடுதி அலுவலகங்கள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். இரவு 9 மணிக்கு நரிதா விமான நிலையத்தில் இறங்கினால் அன்றைய ஓட்டல் செலவு உங்களுடையது.

3. பெட்டியில் எது கூடாது

அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதுவும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகாது. இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. காய்ந்த மசாலாப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போன்றவற்றால் எனக்குத் தொந்தரவு வரவில்லை.

மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் ஒரு மாத அளவு வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் கிளம்பும் முன்பே இணையத்தில் இறக்குமதி உறுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கவனக்குறைவு நோய்க்குக் கொடுக்கும் ஆம்ஃபிட்டமின் வகை மாத்திரைகள் சீட்டு இருந்தாலும் முழுத் தடை. சில சளி மாத்திரைகளிலும் தடைப்பட்ட சேர்க்கைகள் உண்டு, பட்டியலைப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.

மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம் ஊர் மிக்ஸிக்கு 230 வேண்டும். முனகும், அரைக்காது. லேப்டாப், போன் சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை, தட்டையான இரண்டு முள் அடாப்டர் மட்டும் போதும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்தியாவில் இருக்கும்போதே இயக்கி வையுங்கள். ஓடிபி வரும் இந்திய சிம்முக்கு ரோமிங் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். முதல் மாதத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் யென் வரை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். விடுதி முன்பணம், படுக்கை, காப்பீடு, போன் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பணம் எடுக்க செவன் லெவன் கடைகளின் ஏடிஎம் நம் அட்டையை ஏற்கும்.

4. விமான நிலையம்

கிளம்பும் முன் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் விவரம் நிரப்பி க்யூஆர் குறியீட்டை எடுத்து வையுங்கள். நரிதா, ஹனேடா, கன்சாய், சூபு, நியூ சிட்டோசே, ஹிரோஷிமா, ஃபுகுவோகா ஆகிய விமான நிலையங்களில், வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான வதிவிட அட்டையை அங்கேயே அச்சிட்டுக் கொடுப்பார்கள். வேறு நிலையத்தில் இறங்கினால், முகவரி பதிந்த பிறகு தபாலில் வரும், அதுவரை மற்ற வேலைகள் தேங்கும். முடிந்தால் முதல் நுழைவை இந்த ஏழில் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதிநேர வேலை செய்யும் எண்ணம் துளியாவது இருந்தால், அந்த அனுமதிப் படிவத்தை நிரப்பிக் கையிலேயே கொண்டுபோய் அதே கவுன்டரில் கொடுங்கள். இலவசம். அட்டையின் பின்பக்கம் முத்திரை விழுந்துவிடும். விட்டுவிட்டால் பிறகு குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், டோக்கியோவில் அந்த வரிசையில் அரை நாள் போய்விடும். அனுமதி வாரத்துக்கு 28 மணி நேரம், நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம். இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் 28.

இந்த வதிவிட அட்டை எப்போதும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். கையில் இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் என்பது சட்டம். பக்கத்துக் கடைக்குப் போனாலும் எடுத்துப் போங்கள்.

5. முதல் 14 நாள்: வார்டு அலுவலகம்

தங்குமிடம் அமைந்த 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் வார்டு அல்லது நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். டோக்கியோவில் அதைக் குயாகுஷோ என்பார்கள். மார்ச் கடைசியும் ஏப்ரல் முதலும் ஜப்பானே வீடு மாறும் காலம், அலுவலகம் நிரம்பி வழியும். திறக்கும் நேரத்துக்குப் போய் டோக்கன் எடுங்கள். பாஸ்போர்ட், வதிவிட அட்டை, விடுதி அறை எண்ணோடு கூடிய முழு முகவரி, மாணவர் அட்டை அல்லது சேர்க்கைக் கடிதம் ஆகியவை போதும்.

ஒரே வருகையில் மூன்று வேலையை முடித்துவிடுங்கள். முதலாவது, முகவரிப் பதிவு. அட்டையின் பின்புறத்தில் முகவரி அச்சாகும். அங்கேயே வதிவிடச் சான்று ஒன்றிரண்டு பிரதி வாங்கி வையுங்கள், பிரதிக்குச் சில நூறு யென் ஆகும்.

இரண்டாவது, தேசிய மருத்துவக் காப்பீடு. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் எல்லோருக்கும் கட்டாயம். பயணக் காப்பீடு இருக்கிறதே என்பது காரணமாகாது. மருத்துவமனையில் செலவில் 30 சதவீதம் மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். முந்தைய வருடம் ஜப்பானில் வருமானம் இல்லாத மாணவருக்கு மாதம் ஏறக்குறைய 2,000 யென் என்ற அளவில் வரும், ஊருக்கு ஊர் மாறும். இங்கே ஒரு பொறி: வருமானம் இல்லை என்று ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் குறைப்பு. தாமதமாகச் சேர்ந்தாலும் ஜப்பான் வந்த தேதியிலிருந்தே கணக்கிட்டுக் கேட்பார்கள், தள்ளிப்போடுவதில் லாபமில்லை. 2024 டிசம்பரிலிருந்து பழைய காப்பீட்டு அட்டை புதிதாகக் கொடுப்பதில்லை, தகுதி உறுதிச் சீட்டு வரும்.

மூன்றாவது, தேசிய ஓய்வூதியம். 20 வயது நிறைந்த எல்லோரும் சேர வேண்டும், வெளிநாட்டவரும்தான். 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென்னாக இருந்தது. பயப்பட வேண்டாம், விலக்கு உண்டு. ஆனால் 'மாணவர் சிறப்புச் சலுகை' என்று எல்லோரும் சொல்வது பட்டப்படிப்பு மாணவர்களுக்கு. எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் பொதுவாகப் பொது விலக்கு அல்லது ஒத்திவைப்புப் படிவத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் எந்த வகை மாணவர் என்று எழுதிய சேர்க்கைச் சான்றைக் காட்டி, எந்தப் படிவம் என்று கவுன்டரிலேயே கேளுங்கள். பொது விலக்கின் வருடம் ஜூலையிலிருந்து ஜூன் வரை. ஏப்ரலில் வந்தவர் ஜூலையில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்கிடையில் பணம் கட்டச் சொல்லிச் சீட்டுக் கட்டு தபாலில் வரும். விண்ணப்பித்திருந்தால் பதறாமல் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். மை நம்பர் எனப்படும் 12 இலக்க அடையாள எண் கடிதம், வங்கி அட்டை, காப்பீட்டுச் சீட்டு எல்லாம் தபாலில் வரும். பெயர் இல்லாத பெட்டி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் வந்தால் ஒரு சீட்டு போட்டுவிட்டுப் போவார்கள். 7 நாளுக்குள் மறு விநியோகம் கேட்காவிட்டால் அதுவும் திரும்பிப் போகும்.

6. போன் முதலில், வங்கி பிறகு

சில போன் நிறுவனங்கள் ஜப்பானிய வங்கிக் கணக்கு கேட்கும், வங்கியோ ஜப்பானிய போன் நம்பர் கேட்கும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர வழி: வெளிநாட்டுக் கிரெடிட் கார்டை ஏற்கும் மலிவு விலை நிறுவனம் ஒன்றில் குரல் அழைப்போடு கூடிய சிம் வாங்குவது. டேட்டா மட்டும் உள்ள சிம் மலிவாக இருக்கும், ஆனால் அதில் போன் நம்பர் வராது, வங்கியில் பயன்படாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இடையில் நிறுத்தினால் என்ன செலவு என்று கேளுங்கள்.

வங்கிக்குப் பெரும்பாலான எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் போவது தபால் வங்கியான யூச்சோவுக்குத்தான். ஜப்பான் வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குப் பல தனியார் வங்கிகள் கதவைத் திறப்பதில்லை, திறந்தாலும் பணப் பரிமாற்றத்தில் கட்டுப்பாடு வைக்கும். வதிவிட அட்டை, மாணவர் அட்டை, போன் நம்பர் கொண்டுபோங்கள். பெயர் பொறித்த சொந்த முத்திரை வேண்டுமா, கையெழுத்து போதுமா என்பது கிளைக்குக் கிளை மாறும். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது நல்லது, பல்கலைக்கழகம் உங்களுக்குத் துணையாக ஒதுக்கும் 'பட்டி' (buddy) மாணவர் இதற்குத்தான் இருக்கிறார், கூச்சப்படாதீர்கள்.

ஜாஸ்ஸோ எனப்படும் ஜப்பான் மாணவர் சேவை அமைப்பின் உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு மாதம் 80,000 யென். இதற்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, ஜப்பான் பல்கலைக்கழகம்தான் பரிந்துரைக்கும். மாதாமாதம் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அந்த மாதப் பணம். முதல் தொகை தாமதமாகவே வரும். அரசுப் பல்கலைக்கழக விடுதியில் இந்தத் தொகைக்குள் சமாளிக்கலாம், டோக்கியோவில் தனியார் விடுதி வாடகையே 60,000-ஐத் தாண்டுவதால் கைக்காசு போட வேண்டியிருக்கும்.

7. பாடப் பதிவு: இங்கேதான் செமஸ்டர் தீர்மானமாகும்

முதல் வாரம் ஜப்பானிய மொழித் தரத் தேர்வு நடக்கும். அதில் நிற்கும் நிலைதான் உங்கள் காலை நேரங்களை நிரப்பும். மற்ற பாடங்களை அதைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும், முதலில் அதை முடிவாக்குங்கள்.

ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் பட்டியலில் நிறையத் தெரியும். ஆனால் சில அந்தச் செமஸ்டரில் நடக்காது, சில இரண்டாம் ஆண்டுக்கு மேல்தான், சிலவற்றில் இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். விருப்பப் பட்டியலைத் தேவைக்கு ஒன்றரை மடங்காக வைத்திருங்கள். பதிவுக்கான ஜன்னல் இரண்டு வாரம்கூட நீடிக்காது, மூடினால் மூடியதுதான். கடைசி நிமிடம் தள்ளிவிட்டு, சர்வர் தொங்கியது என்று அழுதவர்களை எல்லா வருடமும் பார்க்கலாம்.

விசா விதி இங்கேயும் நுழைகிறது. மாணவர் விசாவில் பாடம் கேட்டுப் படிக்கும் சிறப்பு மாணவருக்கு வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேர வகுப்பு தேவை. 90 நிமிட வகுப்பு 7 எடுத்தால் பத்தரை மணி, 6 எடுத்தால் 9 மணி. ஆகவே நடுவில் பாடத்தைக் கைவிடும்போது ஏழுக்குக் கீழே போகிறதா என்று எண்ணுங்கள். வகுப்பு நேரம் 100 அல்லது 105 நிமிடமாக உள்ள பல்கலைக்கழகங்களும் உண்டு, கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கிரெடிட் மாற்றத்தை ஊரிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானில் வாரம் ஒரு 90 நிமிட விரிவுரை, 15 வாரம், பொதுவாக 2 கிரெடிட். நம் ஊரில் 15 மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட் என்று கணக்கிட்டால் அதே பாடம் ஒன்றரைதான் வரும். எந்தக் கணக்கு என்று துறைத் தலைவரின் கையெழுத்தோடு வைத்திருங்கள். காலமும் ஒத்துப்போகாது. ஜப்பானின் இலையுதிர் செமஸ்டர் பிப்ரவரி தொடக்கம் வரை போகும், மதிப்பெண் பட்டியல் மார்ச்சில் வரும். நம் கல்லூரியின் அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். இறுதியாண்டில் கேம்பஸ் வேலைவாய்ப்பு உள்ளவர்கள் இதை யோசிக்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

8. வகுப்பறை

முதல் வாரம் உங்களைக் குழப்பும். பேராசிரியர் கேள்வி கேட்பார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பின் வரிசையில் தூங்குவார்கள், அவரும் கண்டுகொள்ள மாட்டார். சரி, இங்கே எல்லாம் தளர்வு என்று நினைத்துவிடக் கூடாது. வருகைப்பதிவு அட்டையிலோ செயலியிலோ ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒரு பங்கு வகுப்பு தவறினால் பெரும்பாலும் கிரெடிட் போச்சு. வகுப்பு முடிவில் அரைப் பக்கம் கருத்து எழுதச் சொல்லி வாங்குவார்கள், மதிப்பெண்ணில் அதற்குப் பங்கு உண்டு. ஒரே கடைசித் தேர்வில் பிடித்துவிடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. பாடத்திட்டப் பக்கத்தில் வருகை, சிறு அறிக்கை, தேர்வு ஆகியவற்றின் சதவீதம் போட்டிருக்கும், பாடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

என் கணிப்பில் மிகவும் பயன்பட்டது ஸெமி எனப்படும் சிறு குழு வகுப்பு. பத்துப் பதினைந்து பேர், ஒரே ஆசிரியர். அதில் சேர அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். பெரிய வகுப்பில் வாய் திறக்காத அதே பிள்ளைகள் அங்கே வாதாடுவார்கள்.

9. சாப்பாடு, சங்கங்கள்

மாணவர் உணவகத்தில் 400 முதல் 700 யென்னில் வயிறு நிறையும். சைவக்காரர்களுக்குத்தான் சோதனை. மீன் தெரியாத மிசோ சூப்பிலும் ஊடோன் நூடுல்ஸ் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். டோஃபு மேலே தூவியிருக்கும் பழுப்புச் சீவல் காய்ந்த மீன். ஜப்பானியக் காய்கறிக் கறியில்கூட அந்தக் கட்டி மசாலாவில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். 'இறைச்சி இல்லை' என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல, அவர்கள் கணக்கில் மீன் சாறு இறைச்சி இல்லை. ஹலால், சைவம் என்று குறித்த உணவு சில பல்கலைக்கழகங்களில் உண்டு. மற்றபடி சோறு வடித்துக்கொள்வதே நிம்மதி. டோக்கியோவில் நிஷி-கஸாய் பக்கம் இந்தியக் கடைகளில் பருப்பு, புளி கிடைக்கும்.

சங்கங்களை சர்க்கிள் என்பார்கள். ஏப்ரல் முதல் இரண்டு வாரம் ஆள் சேர்க்கும் திருவிழா நடக்கும், கை நிறைய நோட்டீஸ் கிடைக்கும். வருடச் சந்தா கேட்டால், ஒரு செமஸ்டர்தான் இருப்பேன் என்று சொல்லுங்கள், பலர் குறைத்துக்கொள்வார்கள். விருந்துக்குப் போனால் 3,000 முதல் 5,000 யென் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வரும். மது அருந்த 20 வயது நிறைந்திருக்க வேண்டும், குடிக்காதவருக்குத் தனி விலை உண்டா என்று முன்பே கேட்கலாம். வளாக வாசலில் அமைப்பின் பெயரைச் சொல்லாமல் நட்பாகப் பேசி லைன் என்ற அரட்டைச் செயலியின் முகவரி கேட்பவர்களிடம் மட்டும் விலகி இருங்கள். மதக் குழுக்கள் இப்படி வலை வீசுவதாகப் பல்கலைக்கழகங்களே எச்சரிக்கின்றன.

10. ரயிலும் சைக்கிளும்

மாணவர் மாதாந்திர பாஸ் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, மேலே சொன்ன அதே வகைப் பிரச்சினை. விடுதியைத் தேர்வு செய்யும்போது வாடகையோடு மாத ரயில் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

முந்தைய மாணவர் விட்டுப்போன சைக்கிள் இலவசமாகக் கிடைக்கும். அதை வாங்கினால், சைக்கிள் யாருடையது என்று காட்டும் குற்றத்தடுப்புப் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். போலீஸ் நிறுத்திப் பதிவைப் பார்ப்பது சாதாரணம், வேறு பெயரில் இருந்தால் திருட்டு சைக்கிள் என்று சந்தேகிப்பார்கள். 2026 ஏப்ரல் முதல் சைக்கிளுக்கும் உடனடி அபராதம் வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே போன் பார்த்தால் 12,000 யென்.

11. நடுவில் ஊருக்கு வந்தால், கடைசியாகக் கிளம்பினால்

விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்புவதாக இருந்தால், விமான நிலையத்தில் வெளியேறும் படிவத்தில் 'திரும்பி வருவேன்' என்ற கட்டத்தில் மறக்காமல் குறியிடுங்கள். குறியிடாமல் போனால் உங்கள் வதிவிட நிலை அங்கேயே முடிந்தது, மறுபடி சி.ஓ.இ.யிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரேயடியாகக் கிளம்பும்போது, புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் வார்டு அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு கொடுத்து, காப்பீட்டுக் கணக்கை முடியுங்கள். கட்டிலோ மேசையோ இருந்தால் ஒரு மாதம் முன்பே பெரிய குப்பைக்கு முன்பதிவு செய்யுங்கள், கட்டணம் உண்டு, தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது. பல்கலைக்கழகக் கூட்டுறவுக் கடையில் சேரும்போது கட்டிய பங்குத் தொகை திரும்பக் கிடைக்கும், ரசீதை வைத்திருங்கள். கடைசி உதவித்தொகையும் விடுதி முன்பணமும் கணக்கில் ஏறிய பிறகுதான் வங்கிக் கணக்கை மூட வேண்டும். ஆனால் மூடாமல் போகக் கூடாது. கணக்கையும் அட்டையையும் விலைக்குக் கேட்டு யாராவது லைனில் வருவார்கள், கொடுப்பது குற்றம். போன் சிம்மை எல்லாவற்றுக்கும் கடைசியாக நிறுத்துங்கள். வதிவிட அட்டையை விமான நிலையத்தில் ஓட்டை போட்டு வாங்கிக்கொள்ளலாம்.